எண்பத்து மூன்று கிலோ ராஜாங்கம்

விருத்தாசலத்தில் கமிட்டி என்றால் ஒரே கமிட்டிதான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் வந்து இறங்கி, எடைபோட்டு, ஏலத்துக்குப் போகிற இடம். திட்டக்குடிக்காரரும் வேப்பூர்க்காரரும் பொழுது விடியுமுன்னே வண்டி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிற இடம். மெட்ராஸில் இருக்கிறவர்களுக்கோ, கமிட்டி என்றால் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து முந்திரிப் பருப்பு தின்பதாம். இந்தச் சங்கதி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஜங்ஷன் போகிற ரோட்டில் ஓர் இல்லம் இருந்தது. 'உடல் மறுசீரமைப்பு மற்றும் தொடர் பராமரிப்பு நல்வாழ்வு இல்லம்' என்று பெயர். பெயர் நீளம், சுவர் குட்டை. அதனால் கடைசி இரண்டு எழுத்துகளை மூலை திரும்பி அடுத்த சுவரில் எழுதியிருந்தார்கள். ஊரில் யாரும் அதைப் படித்து முடித்ததில்லை. 'நடக்க வைக்கிற ஆஸ்பத்திரி' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே தெரியும்.

அந்த நடக்க வைக்கிற ஆஸ்பத்திரியில் பதினாலாம் கட்டில் ராஜாங்கத்துடையது. செராமிக் பட்டறையில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவன். பலகை நழுவி மேலேயிருந்து விழுந்தவனுக்குத் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்து அனுப்பியபோது டாக்டர் ஒன்று சொன்னார். "மூணு மாசம் ஒரு நாள் விடாம நடக்கப் பழக்கணும்மா. விட்டா முட்டி வெறைச்சிப் போயிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் மடக்க முடியாது." இதைக் கேட்டுக்கொண்டு வந்தவள் ராஜாங்கத்தின் மனைவி பெரியநாயகி. அதே பட்டறையில் கோப்பைக்குக் காது ஒட்டுகிறவள். ஒரு நாளைக்கு அறுநூறு காது ஒட்டுவாள். ஒன்றாவது கோணலாக இருக்கட்டும் பார்க்கலாம்.

முதல் மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பிரேம்நாத் என்று ஓர் எக்சர்சைஸ் மாஸ்டர், வேலூர்ப் பக்கத்துப் பையன், தங்கமான மனுஷன். இரண்டு கம்பிக்கு நடுவில் ராஜாங்கத்தை நிறுத்தி, "வலிக்கும், வலிக்கட்டும், அடுத்த அடி வைங்க" என்று கூடவே பின்னால் நடப்பார். ராஜாங்கம் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அடி வைப்பான். மூன்றாம் வாரம் பதினோரு அடி வைத்துவிட்டான். பெரியநாயகி அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பதினொன்று, பதினொன்று என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அந்த நேரத்தில்தான் மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'இல்லத்தில் வழங்கப்படும் பராமரிப்பின் தரத்தைக் கமிட்டியைக் கொண்டு எடைபோட்டு, இணைப்புப் படிவத்தில் நிரப்பிப் பதினைந்து நாட்களுக்குள் அனுப்புக.'

கண்காணிப்பாளர் தமிழ்மணி கடிதத்தை நான்கு முறை படித்தார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் கடிதத்தில் இருப்பதைச் செய்தாரே தவிர, ஏன் என்று ஒரு நாளும் கேட்டவரில்லை. இந்த முறை கேட்கலாமா என்று லேசாகத் தோன்றியது. ஆனால் தமிழ்மணி என்று பெயரை வைத்துக்கொண்டு, தமிழில் வந்த கடிதத்துக்குப் பொருள் கேட்டு எழுதினால் அங்கே சிரிக்க மாட்டார்களா? கமிட்டி என்று போட்டிருக்கிறது. எடைபோட என்றும் போட்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கிறது? மறுநாளே கமிட்டிக்கு ஆள் அனுப்பி ஓர் எடை மெஷினும் ஓர் எடையாளரும் கேட்டு வாங்கினார்.

வெள்ளிக்கிழமை பெரியநாயகி தூக்கு வாளியில் கருவாட்டுக் குழம்போடு உள்ளே நுழைந்தபோது, வராந்தாவில் மூட்டை நிறுக்கிற மெஷின் மேல் ராஜாங்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காதில் பென்சில் செருகிய விருத்தகிரி. கமிட்டி அனுப்பிய எடையாளர், இருபது வருஷமாக மல்லாட்டை நிறுத்தவர்.

"அசையாதய்யா, முள்ளு ஆடுது" என்றார் விருத்தகிரி. "எண்பத்தி நாலு. சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சா எண்பத்தி மூணு."

"சாக்கா? ஏங்க, மனுசனை மெஷின்ல ஏத்தி வெச்சிக்கிட்டு சாக்குங்கறீங்க. எங்க இருக்குது சாக்கு?" என்றாள் பெரியநாயகி.

"கட்டியிருக்கிற வேட்டிதாம்மா." சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் ராஜாங்கத்தின் கைச்சதையைக் கொஞ்சம் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஈரம் சித்த கூடதான். இருந்தாலும் நல்ல சரக்கு."

ராஜாங்கம் மனைவியைப் பார்த்தான். "காலையிலேருந்து யாரையும் கக்கூசுக்கு வுடல புள்ள. எடை போட்டப்புறம்தான் போவணுமாம்."

தமிழ்மணி அறையிலிருந்து வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "அம்மா, பயப்படாதீங்க. இது தரக் கட்டுப்பாடு. உங்க வூட்டுக்காரர்கிட்ட மட்டும் எண்பத்து மூணு கிலோ தரம் இருக்குது. இந்த இல்லத்துலயே இவருதான் ஒசந்த தரம். நீங்க பெருமைப்படணும்."

நாற்பது கட்டிலுக்கும் சேர்த்து இரண்டாயிரத்து நூற்றாறு கிலோ வந்தது. படிவத்தில் 'தரம் (எண்ணில்)' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ்மணி அதில் அழகாக 2,106 என்று எழுதி அனுப்பினார்.

மெட்ராஸில் யாராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. மற்ற பதினேழு ஊர் இல்லங்களும் அந்தக் கட்டத்தில் 'நன்று', 'மிக நன்று', 'திருப்தி' என்றெல்லாம் வார்த்தையால் எழுதியிருந்தன. எண்ணில் கேட்டதற்கு எண்ணில் பதில் சொன்னது விருத்தாசலம் ஒன்றுதான். துணை இயக்குநர் ஜெயராஜ் மனம் உருகிப்போனார். மற்ற பதினேழு பேரிடமும் விளக்கம் கேட்டார். தமிழ்மணிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கடைசி வரி இது: 'அடுத்த அரையாண்டில் தரத்தை 2,500 ஆக உயர்த்துக.'

அதோடு ஒழிந்தது எக்சர்சைஸ்.

"சார், இவங்களை நடக்க வைக்கத்தானே நாம இருக்கோம்?" என்று பிரேம்நாத் போய்க் கேட்டார்.

"பிரேம்நாத், நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோ தரத்தை வேர்வையா வெளிய வுடுறீங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?" என்றார் தமிழ்மணி. "உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். சின்னப் பையன்னு வுடறேன். நாளையிலேருந்து நீங்க வாழைப்பழம் குடுங்க."

நடை பழகுகிற இரண்டு கம்பியிலும் வாழைத்தார் தொங்கியது. காலையில் ஆறு பழம், மதியம் ஆறு பழம், கட்டிலை விட்டு இறங்கினால் எச்சரிக்கை. சேத்தியாத்தோப்பிலிருந்து சின்னம்மாள் என்று ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். இடுப்பெலும்பு உடைந்தவள், முப்பத்தாறு கிலோ. வாசலிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கம்மித் தரத்தை நாங்க எப்படிம்மா சேர்த்துக்கறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலியில் கத்திக்கொண்டே அவள் பஸ் ஏறினாள். பாவிகள், ஒரு டம்ளர் தண்ணி கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை.

ஒன்பதாம் கட்டில் அப்துல் மாலிக்குக்கு வாதம் குணமாகி, கை காலெல்லாம் நன்றாக வந்துவிட்டது. அவர் மனைவி தாஜ் நிஷா ஆட்டோவோடு வந்து நின்றாள். தமிழ்மணி கையெழுத்துப் போடவில்லை. "எழுபத்தோரு கிலோம்மா. கண்ணைத் தொறந்துக்கிட்டு எழுபத்தோரு கிலோ தரத்தை எப்படி வெளிய அனுப்புவேன்?" என்றார். ஆட்டோ காலியாகத் திரும்பியது.

ராஜாங்கம் மூன்று வாரமாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பழம் தின்று தின்று முகம் உப்பிக் கிடந்தான். யாரையும் திட்டக்கூட இல்லை, அதுதான் பெரியநாயகியை ரொம்பப் பயமுறுத்தியது. பிரேம்நாத் அவளை வாழைத்தார் மறைவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "அக்கா, முட்டி இறுக ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படியே கெடந்தா அவ்வளவுதான். எப்படியாவது வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் வந்து பார்த்துக்கறேன்."

நேரே தமிழ்மணி அறைக்குப் போனாள்.

"சார், என் புருசனை வுடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"முடியாதும்மா. விதி எட்டுல தெளிவா இருக்குது." புதிதாக வந்த விதிப் புத்தகத்தை எடுத்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். "'வெளியேறும் எடைக்கு ஈடான எடை இல்லத்தில் இருப்பு வைக்கப்பட்டாலன்றி, எவரையும் விடுவித்தல் கூடாது.'"

பெரியநாயகி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "ஈடான எடை வெச்சா வுட்ருவீங்களா?"

"வெச்சா வுட்ருவேன். நான் என்ன ஈவு இரக்கம் இல்லாதவனா?"

"மனுசன்தான் வெக்கணும்னு எழுதியிருக்குதா சார்?"

தமிழ்மணி விதியை இன்னொரு முறை படித்தார். புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையையும் பார்த்தார். முப்பத்தோரு வருஷமாக எழுதியிருப்பதற்கு மேல் ஒரு சொல் போகாத மனிதர். "அப்படி எழுதலியேம்மா" என்றார்.

மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு தள்ளுவண்டி வந்தது. அதில் இரண்டு மூட்டைக் களிமண். கல் கலந்துவிட்டதென்று முதலாளி ஒதுக்கிப் போட்டிருந்தது. விருத்தகிரி நிறுத்து, சாக்குக்குக் கழித்து, கையளவு மண்ணை அள்ளிப் போட்டு எண்பத்து மூன்றைச் சரிக்கட்டினார். பதினாலாம் கட்டிலில் ராஜாங்கத்தை இறக்கிவிட்டு மூட்டைகளை ஏற்றினார்கள். பதிவேட்டில் பெயரை அடித்தால் அடித்ததற்கு விளக்கம் எழுத வேண்டுமாம். ஆகையால் பெயரை மாற்றவில்லை. களிமண்ணுக்கும் ராஜாங்கம் என்றே பெயர்.

வந்த தள்ளுவண்டியிலேயே ராஜாங்கம் வீடு போய்ச் சேர்ந்தான்.

பட்டறையில் கோப்பைகளை அடுக்கிக் காய வைக்கிற மரத் தட்டிகள் இரண்டு வரிசையாக இருபதடி நீளத்துக்கு நிற்கும். நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. பிரேம்நாத் டூட்டி முடிந்ததும் சைக்கிளில் அங்கே வந்துவிடுவார். ராஜாங்கம் இரண்டு பக்கத் தட்டியையும் பிடித்துக்கொண்டு அடி வைப்பான். முதல் நாள் முட்டியை மடக்கியபோது அவன் போட்ட சத்தத்தில் வேலைக்காரர்கள் எல்லாரும் வெளியே ஓடிவிட்டார்கள். பெரியநாயகி மட்டும் ஓடவில்லை. காது ஒட்டிக்கொண்டே அழுதாள். அன்றைக்கு ஒட்டினதில் பாதி கோணல். இன்னொரு நாள் பிடி வழுக்கி ஒரு தட்டிக் கோப்பை முழுக்கச் சரிந்து நொறுங்கியது. முதலாளி ஒரு வாரம் அவர்களோடு பேசவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. நாலாவது வாரம் ராஜாங்கம் பிரேம்நாத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்பாடா என்றிருந்தது பெரியநாயகிக்கு.

இதற்கிடையில் தமிழ்மணியிடமிருந்து அவசரமாக ஆள் வந்தது. என்னவோ ஏதோ என்று அவள் அலறியடித்துக்கொண்டு ஓடினாள்.

"அம்மா, உங்க வூட்டுக்காரர் ரெண்டு கிலோ எளைச்சிட்டார்" என்றார் தமிழ்மணி. உண்மையிலேயே அவர் முகம் வாடியிருந்தது.

பெரியநாயகி கட்டிலுக்குப் போய் மூட்டையை அழுத்திப் பார்த்தாள். "காஞ்சி போயிருக்குது சார். ஈரச் சாக்கு போட்டு மூடணும். வேளாவேளைக்குத் தண்ணி தெளிக்கணும்."

அன்றிலிருந்து நர்சுகள் மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தக் கவனிப்பில் கால்பங்கு இருந்திருந்தால் மனுஷர்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். களிமண் எண்பத்தாறுக்கு ஏறியது. 'தண்ணீர் நன்றாகக் குடிக்கிறார். சாப்பாடு வேண்டாம் என்கிறார். படுக்கைப் புண் இல்லை. புகார் இல்லை' என்று சார்ட்டில் எழுதினார்கள்.

ஊரில் இது பரவ எத்தனை நாளாகும்? தாஜ் நிஷா எழுபத்தோரு கிலோ மண்ணைக் கொடுத்து அப்துல் மாலிக்கை மீட்டாள். அடுத்து ஒவ்வொரு குடும்பமாகத் தள்ளுவண்டி கொண்டுவந்தார்கள். பொங்கலுக்குள் நாற்பதில் முப்பத்தோரு கட்டில் களிமண். எல்லா மூட்டைக்கும் தண்ணீர் ஊற்ற ஊற்றத் தரம் இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டியது. மீதி ஒன்பது பேர் கேட்க நாதியில்லாதவர்கள். அவர்களைச் சமையல்கட்டுப் பின்னால் போட்டிருந்தார்கள். நடக்க வைக்க ஆள் இல்லாத இடத்தில் எக்சர்சைஸ் மாஸ்டர் எதற்கு என்று பிரேம்நாத்துக்கு மாற்றல் உத்தரவும் வந்தது.

தை கடைசியில் ஜெயராஜ் நேரில் வந்து சிறந்த இல்லத்துக்கான கேடயம் கொடுப்பதாக ஏற்பாடு. ஒவ்வொரு கட்டிலுக்கும் குடும்பத்தில் ஒருவர் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பெரியநாயகி கிளம்பினாள். ராஜாங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"நீங்க எங்கங்க வரீங்க?"

"பிரேம்நாத்து சாரு இன்னிக்கு ஊருக்குப் போறாரு இல்ல? ஒரு வார்த்தை சொல்லிட்டு வரணும். நான் வெளி கேட்டுக்குப் பக்கத்துலயே நின்னுக்கறேன், நீ போ."

"உள்ள மட்டும் வந்துடாதீங்க, சாமி."

ஜெயராஜ் மாலையும் கழுத்துமாக வார்டைச் சுற்றிப் பார்த்தார். பதினாலாம் கட்டிலில் போர்வைக்கு மேலாகக் கை வைத்துப் பார்த்து, "உடம்பு சில்லென்று இருக்கிறது. காய்ச்சல் இல்லை" என்று குறித்துக்கொண்டார். பிறகு வராந்தாவில் மைக் பிடித்தார்.

"நான் பதினெட்டு இல்லங்களையும் பார்த்தவன். எல்லா இடத்திலும் ஒரே தொந்தரவு. நோயாளிகள்! கூப்பிடுகிறார்கள். வலிக்கிறது என்கிறார்கள். நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். நாம் எவ்வளவு சிறப்பாகப் பராமரித்தாலும் நடுவில் நோயாளி வந்து கெடுத்துவிடுகிறார். நோயாளியால் பாதிக்கப்படாத பராமரிப்பை என் வாழ்நாளில் முதல் முறையாக இங்கேதான் காண்கிறேன்!" கைதட்டினார்கள். தமிழ்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் சத்தத்தில், கூட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து ராஜாங்கம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். தடி இல்லை, பிடிப்பு இல்லை. கையை வீசிக்கொண்டு வந்தான். மெஷின் பக்கத்தில் நின்ற விருத்தகிரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த மனுஷனுக்கு யார் பெயரும் நினைவிருக்காது, எடைதான் நினைவிருக்கும்.

"அட, எண்பத்தி மூணு கிலோ! ராஜாங்கந்தானேய்யா நீயி?"

ஜெயராஜ் பேச்சை நிறுத்தினார். "ராஜாங்கமா? பதினான்காம் கட்டில் ராஜாங்கமா?" கையிலிருந்த கோப்பினைப் பிரித்தார். "இதில் நடக்க இயலாதவர் என்று இருக்கிறதே. ஒரே பெயரில் இரண்டு எடை இருப்பது தணிக்கைக் குற்றம். தமிழ்மணி, இவர் ராஜாங்கம் என்றால் இப்போதே கட்டிலில் படுக்க வையுங்கள். இவர் மட்டுமல்ல, இப்படி இன்னும் எத்தனை எடை வெளியே போயிருந்தாலும் அத்தனையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்."

தமிழ்மணி வேர்த்து நின்றார். வார்டு ஆட்கள் இரண்டு பேர் ராஜாங்கத்தின் தோளைப் பிடித்தார்கள். கூட்டத்தில் தாஜ் நிஷா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நிறுத்துப் பார்த்துடலாங்களா?" என்றார் விருத்தகிரி.

"எடை மாறலாம். மனைவி மாற மாட்டார்." ஜெயராஜ் பெரியநாயகியைப் பார்த்தார். "அம்மா, பயமில்லாமல் சொல்லுங்கள். உங்கள் கணவர் யார்? கட்டிலில் இருப்பவரா, இவரா?"

பெரியநாயகி ராஜாங்கத்தைப் பார்த்தாள். உடைந்த அந்த இடது காலில் பாரம் போட்டு அவன் நேராக நிற்பதைப் பார்த்தாள். அந்தக் கால் மறுபடி போர்வைக்கடியில் நீண்டு கிடப்பதை நினைத்துப் பார்த்தாள்.

அவள் நேரே பதினாலாம் கட்டிலுக்குப் போனாள். ஓரத்தில் உட்கார்ந்து, ஈரச் சாக்கின் மேல் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "என்னாங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். கேட்டதும் அவளை மீறி அழுகை வந்துவிட்டது, அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்படியானால் இவர் யார்?" என்றார் ஜெயராஜ்.

"தெரியாதுங்க சார்" என்றாள் பெரியநாயகி, திரும்பிப் பார்க்காமலே. "யாரோ நடந்து போறவரு."

ஜெயராஜ் கோப்பில் 'குடும்பத்தினரின் பாசம்: மிக நன்று' என்று எழுதினார். உடனே அதை அடித்துவிட்டு, எண்ணில் எழுத வேண்டுமே என்று விருத்தகிரியைக் கூப்பிட்டார். வார்டு ஆட்கள் தோளை விட்டார்கள். "போய்யா, போ. கண்டவனெல்லாம் உள்ள வரக்கூடாது" என்று வாசலைக் காட்டினார்கள்.

ராஜாங்கம் திரும்பி நடந்தான். வாசற்படியில் பெட்டியோடு நின்ற பிரேம்நாத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே இறங்கினான்.

விழா முடிந்து பெரியநாயகியை வெளியே விட அரை மணி ஆயிற்று. கேட்டருகே அவனைக் காணவில்லை. பஸ் ஸ்டாப்பிலும் இல்லை. ரோட்டின் கோடியில், ரயில்வே கேட்டைத் தாண்டி அவன் சட்டை தெரிந்தது. "ஏங்க, நில்லுங்க!" என்று கத்தினாள். காதில் விழவில்லை, போய்க்கொண்டே இருந்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடுரோட்டில் சிரித்தபடி, அவனைப் பிடிக்க அவள் ஓட வேண்டியிருந்தது.